காற்றை மின்னஞ்சலில் அனுப்ப முடியாது

லினக்ஸ் கெர்னலை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேதான் எழுதினார்கள். 1991ல் ஃபின்லாந்தில் ஒரு மாணவர் தொடங்கிய வேலை, மின்னஞ்சலில் பேட்ச் போவதும் திட்டு வாங்கித் திரும்புவதுமாக வளர்ந்து, இன்று கைபேசியிலிருந்து சூப்பர் கம்ப்யூட்டர் வரை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, வைஃபை டிரைவர் எழுதுகிற நாற்பது ஐம்பது பேரை விமானம் ஏற்றி ஓர் ஊரில் உட்காரவைப்பது எதற்கு? கொரோனாவுக்குப் பிறகு இது கேள்வியாகக்கூட இல்லை, தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அரங்குகளைப் பூட்டினோம், நிரல் நின்றுவிடவில்லை, ஆகவே அரங்கே தேவையில்லை என்கிறார்கள். திறமூல வயர்லெஸ் மென்பொருள்காரர்கள் நேரில் கூடத் திட்டமிடுகிறார்கள் என்று பேச்செடுத்த உடனேயே மூன்று குற்றச்சாட்டுகள் வரிசையில் வந்து நிற்கின்றன: வீண் செலவு, விமானப் புகை, விசா கிடைக்காதவர்களை வெளியே நிறுத்தும் அநியாயம். மூன்றாவதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அதனால் அவர்களுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டதில்தான் இந்தத் தீர்ப்பு சறுக்குகிறது.

ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பிழை என்றால் அதைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிடலாம். கெட்டுப்போன டிஸ்க்கின் நகல் ஒன்று, பிழையை வரவழைக்கும் பத்து வரி நிரல் ஒன்று போதும்; சென்னையில் வந்த பிழை பெரும்பாலும் ஹெல்சிங்கியிலும் அப்படியே வரும். வைஃபை பிழைக்கு இந்த மரியாதை தெரியாது. அது ரவுட்டருக்குள்ளும் இல்லை, மடிக்கணினிக்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் சுவர் இருக்கிறது, பக்கத்து வீட்டு ரவுட்டர் இருக்கிறது, அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறது. ரவுட்டரின் இரு பக்கமும் இரண்டு கருவிகளை வையுங்கள். இரண்டும் ரவுட்டரோடு பேசும், ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் விழாது. காற்று காலியாக இருக்கிறது என்று நம்பி இரண்டும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்க, ரவுட்டரிடம் வந்து சேர்வது குழப்பம் மட்டுமே. எந்தக் கருவியின் பதிவேட்டைத் தோண்டினாலும் குற்றவாளி அகப்படமாட்டான், ஏனென்றால் இரண்டுமே விதிப்படிதான் நடந்திருக்கின்றன. அந்த அறையையே அனுப்பினால்தான் பிழையை அனுப்ப முடியும்.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல அம்பை எடுக்கும். ரேடியோவே இல்லாமல், கெர்னலுக்குள்ளேயே போலி ரேடியோக்களை உண்டாக்கும் ஹெச்டபிள்யூசிம் என்ற வசதி லினக்ஸில் இருக்கிறது. அதன் மேல் ஆயிரக்கணக்கான சோதனைகள் தானாக ஓடுகின்றன. கடவுச்சொல் பரிமாற்றம் முறையாக நடக்கிறதா, ஒரு அக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இணைப்பு அறுகிறதா என்பதையெல்லாம் அது அருமையாகச் சோதிக்கும். அதை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதற்குள் இருப்பது இரைச்சல் இல்லாத, சுவர் இல்லாத, மோதல் இல்லாத காற்று. நெறிமுறையை எழுதிப் பார்க்க அது போதும். காற்றோடு மல்லுக்கட்டும் பகுதிக்கு, அதாவது எந்த வேகத்தில் அனுப்புவது, எப்போது விட்டுக்கொடுப்பது, யாருக்கு எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம், அது ஏட்டுச் சுரைக்காய்.

கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரே அக்சஸ் பாயின்டில் வேகமான கருவிகளோடு மெதுவான கருவி ஒன்று சேர்ந்தால் எல்லாருடைய வேகமும் அந்தச் சோம்பேறியின் வேகத்தை ஒட்டி இறங்கிவிடும். வைஃபைக்கான 802.11 விதி ஒவ்வொருவருக்கும் பேசும் வாய்ப்பைத்தான் சமமாகப் பங்கிடுகிறது, பேசும் நேரத்தை அல்ல. மெதுவாகப் பேசுகிறவர் அதே நாலு சொல்லுக்குப் பத்து மடங்கு நேரம் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். பிரான்சில் கிரெனோபிள் ஆய்வாளர்கள் இதை 2003லேயே எழுதிவிட்டார்கள். லினக்ஸில் இதற்கு உருப்படியான மருந்து வந்தது 2016, 2017 வாக்கில். டோக்கே ஹொய்லண்ட்-யோர்கன்சனும் டேவ் டாட்டும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஒவ்வொரு கருவிக்கும் தனி வரிசை, நேரக் கணக்கு என்று மாற்றி எழுதினார்கள்; யூசெனிக்ஸ் மாநாட்டில் 2017ல் கட்டுரையும் வந்தது. நடுவில் பதின்மூன்று பதினான்கு ஆண்டு ஏன் போயிற்று? காரணங்கள் பல. பாக்கெட் வரிசை ஃபர்ம்வேருக்குள் ஒளிந்திருந்தது ஒன்று. தாமதத்தை அளக்காமல் வேகத்தை மட்டும் அளந்து விளம்பரம் செய்த சந்தை இன்னொன்று. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தன் மேசையில் ஒரு மடிக்கணினியும் ஒரு ரவுட்டரும் வைத்துச் சோதிக்கிறவர் கண்ணில் இந்தக் கோளாறு படவே படாது. நாற்பது பேர் நாற்பது விதக் கருவியோடு ஓர் அறைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் அது தானே வந்து வணக்கம் சொல்லும்.

டேவ் டாட் 2025 ஏப்ரலில் மறைந்தார். தாமதம் என்றால் என்ன என்று விளக்க, ஆட்களையே பாக்கெட்டுகளாக வரிசையில் நிறுத்தி நடக்கவிட்டுக் காட்டியவர் அவர். வீடியோ அழைப்பு சீராக நடக்க வேண்டும் என்பதற்காக வாழ்நாளைக் கொடுத்த அந்த மனிதர், விஷயத்தைப் புரியவைக்க ஆட்களை எதிரே நிறுத்தினார் என்பதை ஆன்லைன் பக்தர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி வரலாறு. 2006 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பீவர்ட்டன் என்ற நகரில் லினக்ஸ் வயர்லெஸ்காரர்கள் கூடினார்கள். அப்போதைய நிலைமை கேவலம். கெர்னலுக்குள் இருந்த அடித்தளம் இன்டெல் டிரைவர்களை ஒட்டி வளர்ந்தது. பாதி வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும் கருவிகளுக்குத்தான் அது சரிப்பட்டது. டிவைஸ்கேப் என்ற நிறுவனம் முழுமையான அடுக்கு ஒன்றை ஜிபிஎல் உரிமத்தில் கொடுத்திருந்தது; அதுவோ கெர்னல் வழக்கத்துக்கு ஒத்துவராமல் பருத்துக் கிடந்தது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று மின்னஞ்சலில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டு. கடைசியில் டிவைஸ்கேப் அடுக்கைத்தான் செதுக்கி எடுத்தார்கள். 2007 ஜூலையில் வந்த 2.6.22 கெர்னலில் மேக்80211 என்ற பெயரில் அது சேர்ந்தது. இன்று லினக்ஸ் வைஃபை டிரைவர்களில் பெரும்பகுதி அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. பீவர்ட்டன் கூட்டமே இதைச் சாதித்தது என்று சொன்னால் அது புளுகு. எழுதியவர்கள் வீட்டிலிருந்துதான் எழுதினார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தால் ஆகக்கூடியது வேறு: தன் ஈராண்டு உழைப்பைக் குப்பைக்கு அனுப்பச் சொல்லும் மனிதரை எதிரே உட்கார்த்தி வைத்துக் கேட்கலாம், அவரோடு சாப்பிடவும் போகலாம். எழுத்தில் வாங்கும் தோல்வியை மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். நேரில் வாங்கியது பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடுகிறது.

எதிர்வாதத்துக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. பிராட்காம் நிறுவனம் தன் சிப்பின் விவரங்களைக் கொடுக்க மறுத்த காலத்தில், அந்தச் சிப்புக்கான டிரைவரைத் தன்னார்வலர்கள் தூர தூர இருந்தே எழுதினார்கள். ஒரு குழு மூல டிரைவரைப் பிரித்துப் பார்த்து விவரக் குறிப்பு எழுதும். மூலத்தைக் கண்ணால் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்து நிரல் எழுதும். அபாரமான வேலை. ஆனால் அங்கே இரு குழுவும் கலக்கக்கூடாது என்பது பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பயந்து வைத்த நிபந்தனை. வழக்கறிஞருக்காக வைத்த தூரத்தைப் பொறியியல் நெறியாகப் பாடம் நடத்துவது வேடிக்கை.

செலவுக்கு வருவோம். மாநாடு என்றதும் ஐந்து நட்சத்திர ஓட்டலும் கழுத்தில் அடையாள அட்டையும்தான் இவர்கள் கண்ணுக்கு வருகின்றன. ஐரோப்பாவில் 2009ல் பாரிசில் தொடங்கி ஊர் ஊராகப் போகும் ‘வயர்லெஸ் பேட்டில் மெஷ்’ என்ற கூட்டத்தைப் பார்க்கட்டும். பெர்லினின் ஃப்ரைஃபுங்க், வியன்னாவின் ஃபுங்க்ஃபாயர், கட்டலோனியாவின் கீஃபி.நெட், இத்தாலியின் நினுக்ஸ் என்று மக்களே கட்டிய வலைப்பின்னல்களின் ஆட்கள் அங்கே கூடுகிறார்கள். ஓஎல்எஸ்ஆர், பேட்மேன், பேபல், பிஎம்எக்ஸ் என ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வழித்தட நெறிமுறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் படை. தன் சோதனைக் களத்தில் தன் நெறிமுறைதான் ஜெயிக்கும். எல்லார் கட்டுரையிலும் எல்லாரும் முதலிடம். பேட்டில் மெஷ் செய்தது எளிய காரியம். ஒரே கட்டடத்தில், ஒரே ரவுட்டர்களில், எல்லா நெறிமுறைகளையும் ஏற்றி ஓடவிட்டது. மாடிப்படியிலும் தோட்டத்திலும் ரவுட்டரைக் கட்டித் தொங்கவிடுவதும், கட்டிய இரவே பாதி ரவுட்டர் செத்துப்போவதும், செத்ததற்கு யார் நெறிமுறை காரணம் என்று விடிய விடியச் சண்டை போடுவதும்தான் அங்கே நிகழ்ச்சி நிரல். தங்குவது விடுதி, சமைப்பது கூட்டாக. இந்தச் செலவை ஆடம்பரம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். வழித்தட நெறிமுறைக்காரர்களை இப்படிக் கையும் களவுமாகப் பிடிக்கும் வேலையை எந்த வீடியோ அழைப்பும் செய்யாது.

சிக்கன உபதேசத்தில் எனக்கு எரிச்சலூட்டுவது இன்னொன்று. 802.11 தரத்தை எழுதும் ஐஈஈஈ குழு ஆண்டுக்கு ஆறு முறை, இரண்டு மாதத்துக்கொரு ஊரில், வாரம் முழுக்கக் கூடுகிறது. அங்கே வாக்குரிமை வேண்டுமானால் கூட்டங்களில் தொடர்ந்து கலந்துகொள்ள வேண்டும். புளூடூத் நிறுவனங்கள் வெளிவராத கருவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றோடொன்று பேசவைத்துப் பார்க்க ‘அன்பிளக்ஃபெஸ்ட்’ என்று தனியாகவே நடத்துகின்றன. சிப் கம்பெனிகளின் பொறியாளர்களிடம் போய், நீங்கள் ஏன் மின்னஞ்சலில் முடித்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சிப்பைச் சம்பளம் இல்லாமலும் அரைகுறை ஆவணத்தோடும் ஓடவைக்கிறவர் ஆண்டுக்கு ஒருமுறை கூட நினைத்தால் மட்டும் புவி வெப்பம் நினைவுக்கு வந்துவிடுகிறது. விமானப் புகையைப் பற்றி உண்மையான கவலை இருந்தால் அதற்கு வழி உண்டு: பிரஸ்ஸல்ஸில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் ஃபாஸ்டெம் போல, ஏற்கெனவே ஆட்கள் வந்து சேரும் பெருங்கூட்டத்தின் முன்னோ பின்னோ இரண்டு நாளை ஒட்டவைத்தால் போதும்.

கொரோனாக் காலம் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது என்கிற வாதமும் இப்படித்தான். இணையத்துக்கே விதி எழுதும் ஐஈடிஎஃப் 2020 மார்ச்சில் தன் வான்கூவர் கூட்டத்தை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றியது. ஈராண்டு அப்படியே நடத்தியது. பிறகு, 2022 மார்ச்சில், வியன்னாவில் அரங்கைத் திறந்தது. தொலைவிலிருந்து வேலை செய்வதில் இவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் யார்? அவர்களே திரும்பி வந்துவிட்டார்கள். அந்த ஈராண்டும் வேலை ஓடியது உண்மைதான். அதற்கு முந்தைய பத்தாண்டில் நேரில் பழகிச் சேர்த்த நம்பிக்கையின் வட்டியில் ஓடியது என்பேன்.

இப்போது நல்லவர்களின் வாதம். அறையில் முடிவெடுத்தால் அறைக்கு வராதவர் அடிமை ஆகிறார். அறைக்கு வர முடியாதவர்கள் பெரும்பாலும் விசா வரிசையில் நிற்கும் நாடுகளின் ஆட்கள். இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆத்9கே, ஆத்10கே, ஆத்11கே என்ற வைஃபை டிரைவர்களின் மாற்றப் பதிவுகளைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். அந்த டிரைவர்களுக்கான வேலையில் கணிசமான பங்கு சென்னையில் நடந்தது. அந்தப் பெயருக்குரியவர் பெர்லினுக்குப் போக வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு விவரத்திலிருந்து திரும்பி வருவேன் என்கிற உறுதிமொழி வரை அடுக்க வேண்டும். பெர்லின்காரர் பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் ஏறினால் முடிந்தது.

ஆனால் இதிலிருந்து, ஆன்லைன்தான் சமத்துவம் என்று ஒரு தாவு தாவுகிறார்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது மணிக்கு வைத்த அழைப்பு சென்னையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, ஒலியை அமர்த்தி, கேமராவை மூடி ஓரமாக உட்கார்ந்திருப்பவர் பங்கேற்பாளரா, பார்வையாளரா? திறந்த இணையத்தில் நடப்பதெல்லாம் திறந்ததும் இல்லை. ரவுட்டர்களுக்கான திறமூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க இணையத்தில் நடந்த வேலை அது. 2016 மே மாதத்தில் அதன் முக்கிய ஆட்களில் ஒரு பகுதியினர், உள்ளே வெளிப்படைத்தன்மை இல்லை, புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லி லீட் என்ற பெயரில் பிரிந்தார்கள். வெளிப்படைத்தன்மை கேட்டுப் பிரிந்தவர்கள் பிரிவதை ரகசியமாகத் திட்டமிட்டார்கள் என்று அவர்கள் மேலேயே புகார் வந்தது. இரு தரப்பும் மீண்டும் ஒன்றானது 2018 ஜனவரியில். இரகசியம் பேசுவதற்கு அறை வேண்டியதில்லை, தனிமடல் போதும். அதுவும் அறையில் நாலு பேர் மூலையில் குசுகுசுத்தால் மற்றவர்களுக்குத் தெரியும். தனிமடலில் அந்தச் சௌகரியமும் இல்லை.

ஆகவே விலக்கல் என்பது எப்படிக் கூடுவது என்கிற கேள்விக்குள் வருகிறது. கூடலாமா என்பதை அது தீர்க்காது. அறையில் எட்டியது கருத்துதான், அது மின்னஞ்சல் குழுவில் உறுதியானால்தான் முடிவு என்கிற வழக்கம் ஐஈடிஎஃபில் நெடுங்காலமாக இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பேசப் பேசக் குறிப்பு எழுதுகிறவர் ஒருவர், அவருக்குச் சலித்தால் இன்னொருவர். பயணப்பணம் முதலில் ஒதுக்கப்பட வேண்டியது. உணவு, டி-ஷர்ட் எல்லாம் மிச்சத்தில்.

திட்டமிடுகிறவர்களையும் விடுவதற்கில்லை. கூட்டமே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஆயுதம் எடுத்துக்கொடுப்பது இவர்கள்தான். எந்த மாநாட்டுக்கும் பொருந்தும் ஓட்டல் அரங்கு, மேடை, ஒருவர்பின் ஒருவராக ஸ்லைடு, கேள்விக்கு ஐந்து நிமிடம். இதற்கு விமானம் ஏற வேண்டாம் என்பவர் சொல்வது சரி. ஸ்லைடை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வயர்லெஸ்காரர்களுக்கு ஓட்டல் இன்னொரு விதத்திலும் ஆகாது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் மேரியட் நடத்திய ஒரு மாநாட்டு ஓட்டல், விருந்தினர்கள் சொந்தமாக வைத்த வைஃபை ஹாட்ஸ்பாட்களை, இணைப்பைத் துண்டிக்கும் பாக்கெட்டுகளை அனுப்பி அணைத்துக்கொண்டிருந்தது. 2014ல் அந்நாட்டின் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்சிசி 6,00,000 டாலர் அபராதம் வாங்கியது. ஆகவே அரங்குக்காகப் பேசும்போது முதல் கேள்வி வாடகை இல்லை: எங்கள் சொந்த அக்சஸ் பாயின்டுகள் முப்பதை ஓடவிட உங்கள் நெட்வொர்க் அனுமதிக்குமா? எழுத்தில் கொடுக்கிறீர்களா? மேசைக்கு எத்தனை பிளக்? கேபிள் இணைப்பு எங்கே வரை வருகிறது?

நாட்டைத் தேர்ந்தெடுப்பதும் சுற்றுலாக் கணக்கு இல்லை. 6 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020ல் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. ஐரோப்பா 2021ல் கொடுத்தது 480 மட்டும். 2.4ல் பன்னிரண்டாம் பதின்மூன்றாம் சேனல்களை ஐரோப்பாவில் தாராளமாகப் பயன்படுத்தலாம், அமெரிக்கக் கருவிகள் பொதுவாக அந்தச் சேனல்களுக்குப் போகாது. 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார் பகிரும் சேனல்களில் வாயைத் திறப்பதற்கு முன் அறுபது நொடி காது கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார் இருக்கும் அலைவரிசைப் பகுதியில் அது பத்து நிமிடம். எந்த ஊரில் கூடுகிறோமோ அந்த ஊரின் சட்டம்தான் எதைச் சோதிக்கலாம் என்று சொல்கிறது. காலை முழுக்க மேசை, மதியம் பேச்சு, இரவு மறுபடி மேசை, மேடையே வேண்டாம். ஒவ்வொருவரும் தன் நிறுவனம் குறையில்லை என்று சாதிக்கும் கருவி ஒன்றைக் கையோடு கொண்டுவரட்டும்.

அடுத்த கூட்டத்தைச் சென்னையில் வையுங்கள் என்றும் சொல்வேன், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. ரேடியோ கருவியை இந்தியாவுக்குள் கொண்டுவர அரசின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஒப்புதல் என்று ஒன்று இருக்கிறது. முப்பது ரவுட்டரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினால் சுங்கத்தில் இரவு கழியும். மாதக்கணக்கு முன்னதாக எழுத்து வேலையைத் தொடங்க வேண்டும், உள்ளூரில் யாராவது அலைய வேண்டும். ஐரோப்பாவில் வைத்தால் அதே அலைச்சல் அழைப்புக் கடிதம், விசா நேர்காணல் தேதி என்று வேறு ரூபத்தில் வரும். வர முடியாதவர்களுக்காகக் குரல் கொடுத்து, கூட்டத்தைக் கைவிடச் சொல்லி நீள நீளமாக எழுதுகிறவர்கள் அந்த நேரத்தில் இந்தக் கடிதங்களில் பத்தை எழுதிக் கொடுத்தால், பத்துப் பேர் வந்துவிடுவார்கள்.